ஆறரை மணிக் கரண்டு

“இந்த இரைச்சல் போக மாட்டேங்குது, இசக்கி” என்றார் பிரம்மநாயகம்.

இசக்கியம்மாள் தன் கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுக் கணக்கு தவறிவிடும் என்று நிமிரவில்லை.

சிஷ்யர் பிரம்மநாயகத்துக்கு வயது எழுபத்தொன்று, குருவுக்கு நாற்பத்திரண்டு. பள்ளிக்கூடத்தில் உறவு தலைகீழாக இருந்தது. அவர் பௌதிகம் நடத்தினார். அவள் ஓம் விதி சொல்லத் தெரியாமல் பெஞ்சு மேல் நின்றாள். இப்போது அம்பாசமுத்திரத்தில் யார் வீட்டு மோட்டார் நின்றாலும் அவள் கைபட்டால்தான் ஓடும். காலம் அப்படி.

“என்ன இரைச்சல் சார்?”

“பாட்டுக்கு அடியில ம்ம்ம்னு ஒண்ணு. பிரிட்ஜ் ஓட ஆரம்பிச்சா டப்புனு ஒரு வெட்டு. எல்லாம் கரண்டு வழியா வருது.”

“இருந்துட்டுப் போகட்டுமே.”

“எனக்கு இல்லம்மா. அக்காவுக்கு.”

அக்கா கோமதிக்கு எழுபத்தெட்டு வயது. வியாழக்கிழமை மகனோடு கனடா போகிறாள், ஒரேயடியாக. இனி வருவேன் என்று அவளும் சொல்லவில்லை, வருவியா என்று இவரும் கேட்கவில்லை.

அப்பா வாங்கிய இசைத்தட்டு ஒன்று இருந்தது. சின்ன வயதில் கேட்டமாதிரியே அக்காவோடு உட்கார்ந்து அதை ஒருதரம் கேட்டுவிட வேண்டும். மனிதருக்கு வேறு ஆசையே இல்லை. பரணிலிருந்து அப்பா காலத்துப் பழைய பிளேயரை இறக்கித் தட்டைப் போட்டார். அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள்.

“ஏலே, இது அது இல்ல” என்று எழுந்து போய்விட்டாள்.

இசக்கியம்மாள் அன்றைக்கே வந்தாள். கொல்லையில் குழி வெட்டி, உப்பும் கரியும் கொட்டிப் புது எர்த் இறக்கினாள். இரைச்சல் பாதி போயிற்று.

“இது அது இல்ல” என்றாள் அக்கா.

மறுநாள் இசக்கியம்மாள் மீட்டரிலிருந்து பிளேயருக்கென்று தனி வயர் இழுத்தாள். அந்த டப் வெட்டும் போயிற்று. அக்கா இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

மூன்றாம் நாள் தன் கையால் சுற்றிய டிரான்ஸ்பார்மர் ஒன்றை வயருக்கும் பிளேயருக்கும் நடுவில் வைத்தாள். பிரம்மநாயகம் ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. பாட்டு மட்டும் தனியாக நின்றது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் அக்கா. “யாரு வீட்டுப் பாட்டோ மாதிரி இருக்கு.”

புதன்கிழமை பதினோரு மணிவாக்கில் கடைக்கு வந்தவர் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். அழாத குறைதான்.

“நாளைக்குப் போறா. இன்னும் என்னத்தம்மா வடிகட்டணும்?”

இசக்கியம்மாள் முதல்முறையாகக் கம்பியைக் கீழே வைத்தாள்.

“அந்தக் காலத்துல எப்ப சார் பாட்டுக் கேப்பீங்க?”

“சாயங்காலம். அப்பா வேலை முடிஞ்சு வந்து போடுவாரு.”

“அந்நேரம் பல்பு எப்படி எரியும்?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லா கேட்ட போ. ஆறரை மணிக்குத் தெருவிளக்கு போடுவான். ஊரே லைட்டைப் போடும். எங்க வீட்டு பல்பு பூசணிப்பூ மாதிரி சுருங்கிரும், உள்ள இருக்கற கம்பிய எண்ணலாம். அதுக்காக அப்பா தட்ட நிறுத்த மாட்டாரு. நானும் அக்காவும் கூடவே பாடிக்கிட்டுக் கெடப்போம்.”

சொல்லச் சொல்ல அவர் பத்து வயதுக்குப் போய்விட்டார். திரும்பி வர மனசில்லை.

“வோல்டேஜ் எறங்குனா மோட்டார் என்ன சார் செய்யும்? நீங்க நடத்துனதுதான்.”

“மெதுவாச் சுத்தும்” என்றார் பிரம்மநாயகம், பழைய வாத்தியார் குரலில்.

“வாங்க போவோம்” என்று அவள் எழுந்தாள். கருவிப் பையை எடுக்கவில்லை.

வீடு போய்ச் சேரும்போது உச்சி வெயில், முற்றத்தில் கால் வைக்க முடியவில்லை. உள் அறையில் அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு அப்பளக் கட்டுகளைப் பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். இவர்கள் வந்ததை அவள் கவனிக்கவில்லை.

பிரம்மநாயகம் தட்டைப் போட்டார். முதல் சரணம் சுத்தமாக ஓடி முடிந்தது. அக்கா திரும்பவில்லை.

இரண்டாவது சரணம் தொடங்கியதும் இசக்கியம்மாள் சுழலும் தட்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தாள்.

தட்டு தயங்கியது. குரல் கனத்து, இழுத்து, கீழே இறங்கியது.

“கெட்டுப்போயிரும்மா” என்றார் அவர்.

அவள் விரலை எடுக்கவில்லை.

உள்ளே பேப்பர் சத்தம் நின்றது.

கோமதி பாட ஆரம்பித்தாள். அதே இறங்கிய சுதி, அதே இழுவை. தட்டுக்கு முன்னாலும் ஓடவில்லை, பின்னாலும் தங்கவில்லை. பிரம்மநாயகத்துக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடி முடிந்ததும் அக்கா நிறுத்தினாள். திரும்பாமலே சொன்னாள்:

“ஏலே, தெருவிளக்கு போட்டாச்சு பாரு. போய்க் கைகால் கழுவிட்டு வா.”