வடக்கைத் திருப்பிய செங்கமலம்

இன்னும் நெருங்கி உட்காருங்க, தூரத்துல இருந்தா இந்தக் கசப்பு நாக்குல ஒட்டாது.

மில் முதலாளிக்குக் கார் ஷெட் போட இடம் வேண்டும். அந்த இடத்தில் வேலைக்காரி செங்கமலத்தின் குடிசை நின்றது. வாஸ்து பார்க்க மாசிலாமணி வந்தார். தண்ணீர் மோட்டாருக்குப் போகிற சோலார் கம்பியை ஒட்டித் திசைகாட்டியை வைத்தார்.

"குடிசை வடகிழக்கு மூலை, ஈசானியத்துல இருக்கு. குடும்பத்துக்கு ஆகாது, இடிச்சிடுங்க."

ஆட்கள் கூரையைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

"மழை நேரத்துல பிள்ளைங்களோட எங்கய்யா போவேன்?"

"வடக்கைத் திருப்பிக் காட்டு, விட்டுடறேன்" என்று முதலாளி சிரித்தார்.

மாசிலாமணி திசைகாட்டியை வைத்த பிறகு மோட்டார் ஓடத் தொடங்கியதும் அதன் முள் துள்ளி விலகியதைச் செங்கமலம் பார்த்திருந்தாள். போய் மோட்டார் சுவிட்சை அணைத்தாள். கம்பியில் கரண்டு நின்றதும் முள் சட்டென்று வேறு பக்கம் திரும்பி நின்றது.

"வடக்கு திரும்பிடுச்சுங்க. இப்ப ஈசானியத்துல உங்க மார்பிள் கக்கூஸ்தான் இருக்கு."

வேலியோரம் நின்ற சனம் சிரித்தது. மாசிலாமணி திசைகாட்டியை எடுத்துப் பைக்குள் போட்டார். முதலாளிக்கு முகம் கறுத்தது.

"முள்ளாவது மண்ணாவது! பிரிங்கடா கூரையை!"

செங்கமலம் ஓர் ஆள் கையிலிருந்த கடப்பாரையை வாங்கினாள். நேரே நடந்துபோய், மார்பிள் கக்கூஸ் சுவரில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.