அவசரமே இல்லாத ஆர்டர்

கோயமுத்தூர் பம்ப்செட் கம்பெனி மேனேஜர் ஆராவமுதன், ஆணி வாங்கினாலும் ஆர்டரில் 'மிக மிக அவசரம்' என்று முத்திரை குத்துவார். ஒருநாள் பேரிங் தீர்ந்து வேலை நின்றுபோனது.

"சாயங்காலத்துக்குள்ள பேரிங் வரணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை!" என்று ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் தெய்வானைமேல் பாய்ந்தார்.

"வந்துருமுங்க சார்" என்றவள், பேரிங் கடைக்கான ஆர்டரில் 'அவசரமே இல்லை, மெதுவாக அனுப்பவும்' என்று எழுதி அனுப்பினாள்.

மூன்று மணிக்கே பேரிங் கடைக்காரர் சின்னியப்பன் பெட்டியும் கையுமாக மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அவசரம்னு வந்தா வழக்கந்தானேன்னு மூலையில போட்டுருவனுங்க. அவசரமில்லைன்னதும் பகீர்னு ஆயிருச்சு! வேற கடை பாத்துட்டீங்களா?"

ஷெட்டே வயிறு வலிக்கச் சிரித்தது. சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கிவந்த முதலாளி விஷயத்தைக் கேட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேனேஜர், இனிமே ஆர்டரெல்லாம் தெய்வானையே எழுதட்டும்" என்றார்.