சுழியனின் நீல வீடு

ஒரு தீவின் கரையில் சங்கு நண்டுகள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றுக்குச் சொந்த ஓடு கிடையாது. மெத்தென்ற வயிற்றைக் காலிச் சங்குக்குள் ஒளித்துக்கொண்டால்தான் உயிர் தங்கும். உடம்பு வளர வளர வீடும் மாற வேண்டும்.

கூட்டத்தில் பெரியவன் சுழியன். அவன் சங்கு அவனை நெருக்கியது. பாதி வயிறு வெளியே தெரிந்தது. பாவம், நாள் முழுக்கக் கடலையே பார்த்துக்கொண்டு கிடந்தான். கடல் கொண்டுவந்து போட்டதெல்லாம் இதுவரை வீடுதான். அதனால் கடல் தருவதை எந்த நண்டும் சந்தேகப்பட்டதில்லை.

ஒரு மாலை, தூங்கி வழிந்த அலை ஒன்று ஒரு நீலக் குவளையை மணலில் வைத்துவிட்டுப் போனது. எந்தப் படகிலிருந்தோ யாரோ குடித்துவிட்டு வீசிய பிளாஸ்டிக் குவளை. நண்டுக்கு அதெல்லாம் தெரியுமா?

வழக்கப்படி நண்டுகள் பெரியது முதல் சிறியது வரை வரிசையில் நின்றன. சுழியன் குவளைக்குள் போனான். அவன் விட்ட சங்குக்குள் மணலி போனாள். அவள் விட்டதற்குள் அடுத்தவன். கண்மூடித் திறப்பதற்குள் ஊரே குடி மாறிவிட்டது.

"சுமையே தெரியலை, மணலி. உள்ளே இருந்தே வானம் தெரியுது," என்றான் சுழியன்.

"சுமையில்லாத வீடு எனக்கென்னவோ பயமா இருக்கு, அண்ணே."

"உனக்குப் பொறாமை!"

கடல் ஏறியது. சங்குகள் மணலில் அழுந்தி நின்றன. குவளை மட்டும் மெல்ல எழுந்தது. நீலச் சுவருக்கு அப்பால் மேகங்கள் மிதந்தன. சுழியனும் அவற்றோடு மிதந்தான். நண்டுக் குலத்திலேயே தான் ஒருவன்தான் பறக்கிறோம் என்று சொக்கிப்போனான். சற்று இளைப்பாறலாம் என்று காலை நீட்டினான். தரை தட்டவில்லை.

"மணலி, என் சங்கைக் கொடுத்துடு!"

"கொடுத்துடறேன், அண்ணே. கீழே இறங்கி வாங்க," என்று அழுதாள் மணலி.

இறங்கினால் வெற்றுடம்பு. இறங்காவிட்டால் கரை காணாத கடல். சுழியன் கண்ணை மூடிக்கொண்டு குவளையை விட்டான். அடியில் ஒரு கிளாத்தி மீன் காத்திருந்தது. அவன் மணலைத் தொடவே இல்லை.

குவளைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆடி அசைந்து போய், விடியும்போது அடுத்த தீவின் மணலில் ஒதுங்கியது. அங்கே நண்டுகள் ஆசை ஆசையாக வரிசை கட்டின.

நாம் வேண்டாமென்று கடலில் எறிவது காணாமல் போவதில்லை, ஏதோ ஒரு வாயில்லா ஜீவனுக்கு எமனாகப் போய் நிற்கிறது.