எங்கே கிடந்தது?

"ஆறு மாசமா கயிறு கட்டுறேன் டீச்சர். எப்பத்தான் எதையாவது எடுக்க விடுவீங்க?"

கேட்டவர் கஸ்பார். ஐம்பது வயது. தூத்துக்குடியில் இருபத்தைந்து வருடம் சங்கு குளித்தவர்.

டீச்சர் பூங்கோதைக்கு முப்பத்து நாலுதான். கடலடியில் கிடக்கும் பழைய ஸ்பானியக் கப்பல்களைப் படிப்பவர். எனக்கும் அந்தப் படிப்பு வேணும் என்று கரீபியன் கடல்வரை பின்னாலேயே வந்தவர் கஸ்பார். வந்த இடத்தில் கிடைத்தது கடலடியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் கயிறும், எழுதுகிற பலகையும்.

"இன்னைக்கும் கயிறுதான் அண்ணே."

"எது எங்க கிடக்குன்னு எழுதி எழுதி என்னத்தைக் கண்டோம்? நான் என்ன கணக்குப்பிள்ளையா?"

டீச்சர் பலகையை நீட்டினார்.

கஸ்பாருக்குக் கோபம் புதிதல்ல. ஏழு வருடமாக ஒரே கோபம்.

அவர் தம்பி ரெமி சங்கு குளிக்கப் போனான். ஒரு விசைப்படகு அடித்துவிட்டுப் போனது. வரக்கூடாத எல்லைக்குள் அது வந்திருந்தது என்று கஸ்பார் வழக்குப் போட்டார்.

நீதிபதி கேட்டது ஒன்றுதான். உடல் எங்கே கிடந்தது? எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா?

அடிமணலிலிருந்து ரெமியைத் தூக்கி வந்தவன் தொபியாஸ். கூண்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பாத்ததும் தூக்கிட்டேன்யா. இடம் பாக்கல."

வழக்கு அதோடு போயிற்று.

"கண்ணு அவிஞ்சா போச்சு அந்தப் பயலுக்கு?" என்று கஸ்பார் படகில் சோற்றுத் தட்டைப் பிடிக்கும்போதெல்லாம் ஏசுவார். தொபியாஸோடு பேச்சுவார்த்தை கிடையாது. அவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை, சாவுக்கும் போகவில்லை.

அன்று கஸ்பார் பலகையோடு இறங்கினார்.

கீழே இரண்டு கப்பல்கள். ஒரே பாறையில் மோதி, ஒன்றின் மேல் ஒன்றாக மூழ்கியவை. மேலே கிடப்பது எது, கீழே கிடப்பது எது, எந்த வருடம் கிளம்பியவை? ஒன்பது வருடமாக டீச்சர் இதற்குத்தான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். வருடம் போட்ட ஒரு பொருள், கிடந்த இடத்தோடு கிடைத்தால் போதும் என்பார்.

மணலில் ஒரு விளிம்பு தெரிந்தது.

சங்கு குளித்த கை யோசிக்காது. பிடுங்கினார். மணல் கலங்கியது. பலகையில் ஒரு கோடுகூட இல்லாமல் மேலே வந்தார்.

"இந்தாங்க டீச்சர். கயிறு கட்டியா கிடைச்சுது?"

சிரிப்பு வேறு.

பச்சை பிடித்த பித்தளை வளையம். மாலுமிகள் சூரியனின் உயரம் பார்க்கத் தூக்கிப் பிடிப்பது. டீச்சர் விளிம்பை விரலால் தடவினார். நான்கு எண்கள் தட்டுப்பட்டன. 1528.

"எங்கே கிடந்தது?"

"கீழதான்."

"எந்தக் கப்பல்ல?"

"ரெண்டும் ஒண்ணாத்தானே கிடக்கு."

"மேல்கப்பல்ல பாரத்துக்குப் போட்ட கல்லுக்குப் பக்கத்துலயா? கீழ்க்கப்பல் மரப்பலகைக்கு அடியிலயா?"

"பொருள்தான் கைக்கு வந்திருச்சே. ஏன் போட்டுக் குடையுறீங்க?"

டீச்சர் முகம் கறுத்துவிட்டது. குரல் மட்டும் ஏறவில்லை.

"ஒன்பது வருஷம், அண்ணே."

வளையத்தை அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"எடுத்த இடத்துல வச்சிட்டு வாங்க."

"வேற எவனாவது களவாண்டுட்டுப் போயிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? நான் கொண்டாந்து உங்க கையில குடுத்தேன்."

"வச்சிட்டு வாங்க."

கஸ்பாருக்குச் சுர்ரென்று ஏறியது. படித்த திமிர் என்று முணுமுணுத்துக்கொண்டே குதித்தார்.

பிடுங்கிய குழி மூடிப்போயிருந்தது.

கல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மரப்பலகைக்கு அடியில் செருகிப் பார்த்தார். நாலு முழம் தள்ளி வைத்தார். எங்கே வைத்தாலும் ஐந்நூறு வருடமாக அங்கேயே கிடந்த மாதிரி இருந்தது.

உருளையில் காற்று தீரும்வரை தேடினார்.

மேலே வந்தபோது வளையம் கையில்தான் இருந்தது. டீச்சர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்கே கிடந்தது?"

கஸ்பாருக்கு அப்போதும் கோபம் அடங்கவில்லை. நறுக்கென்று பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"பாத்ததும் தூக்கிட்டேன் டீச்சர். இடம்..."

சொல்லும்போதே, கூண்டில் நின்ற தொபியாஸின் குரல் அவர் காதில் விழுந்தது.