ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத சோப்பு கம்பெனி

நடுவன்குளம் சோப்பு கம்பெனித் தொழிலாளர் சங்கத் தலைவர் தங்கப்பழத்துக்கு நேர்ந்த அநியாயங்களை வரிசை பிசகாமல் சொல்ல வேண்டும். பிசகினால் அதையும் ஓர் அநியாயமாகச் சேர்த்துக்கொள்வார்.

முதலாவது, முதலாளி கம்பெனியைப் பூட்டிவிட்டு ஓடிப்போனார். இரண்டாவது, ஓடும்போது தங்கப்பழத்தின் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது, மறியல் செய்த அத்தனை பேரையும் பிடித்துப்போன போலீஸ், "வேன்ல இடமில்ல, நீரு வீட்டுக்குப் போம்" என்று தலைவரை மட்டும் விட்டுவிட்டுப் போனது. நான்காவது, தொழிலாளர்களே பூட்டை உடைத்து, சோப்பு காய்ச்சித் தலைநிமிர்ந்த நேரத்தில், அரசாங்க ஆய்வு அதிகாரி செண்பகவடிவு ஜீப்பில் வந்து இறங்கினார். முதலாளி இருந்தவரை அந்த ஜீப்புக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"உறையில சந்தனம்னு போட்டிருக்கீங்க, உள்ளே சந்தனமே இல்ல. நுகர்வோரை ஏமாத்தக் கூடாது. கழிவு ஒரு சொட்டுகூட வாசலைத் தாண்டக் கூடாது. நீங்களும் எதிர் கம்பெனி முதலாளி மரியசூசையும் கூடிப் பேசி ஒரே விலை வைக்கிறீங்க. அதுவும் தப்பு. உங்களுக்குள்ள நியாயமான போட்டி இருக்கணும். வெள்ளிக்கிழமை வருவேன். சரியில்லன்னா சீல் வச்சிருவேன்."

ஒரு பூட்டை உடைப்பதற்குள் பாதி ஆயுசு போயிருந்தது தங்கப்பழத்துக்கு. இன்னொரு பூட்டு என்றால் மீதியும் போய்விடும். உடனே கமிட்டியைக் கூட்டினார். கமிட்டி என்றால், நோட்டீஸ் எழுதும் செயலாளர் எசக்கியப்பனும், சோப்புக் கொப்பரை கிண்டும் பேச்சித்தாயும்.

"நுகர்வோர்னா யாரு?" என்றாள் பேச்சித்தாய்.

"நுகர்தல்னா மோந்து பாக்கறது," என்றார் எசக்கியப்பன். "மூக்கு உள்ளவன் எல்லாம் நுகர்வோர்."

"அப்ப சளி பிடிச்சவன்?"

எசக்கியப்பன் தன் மூக்கை ஒருமுறை உறிஞ்சிப் பார்த்துக்கொண்டார். "அவனுக்குச் சட்டத்துல இடமில்ல."

மறுநாள் முதல் மோந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே சோப்பு. தும்மியவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் தன் மூக்கு நன்றாக இருப்பதாக மருத்துவரிடம் எழுதி வாங்கிவந்தார். அவருக்கு இரண்டு கட்டி இனாம்.

அடுத்தது கழிவு. கடைக்காரர்களுக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் விலையில் குறைத்துக் கொடுப்பது வழக்கம். அதற்குக் கழிவு என்று பெயர்.

"இனிமே யாருக்கும் கழிவு கிடையாது," என்றார் தங்கப்பழம்.

"ஒரு சொட்டுன்னுல்லா சொன்னாக? கழிவு எங்கே சொட்டும்?" என்றாள் பேச்சித்தாய்.

"படிச்சவங்க அப்படித்தான் பேசுவாங்க, தாயி."

"அப்ப கொப்பரை கழுவி விடுற நுரைத்தண்ணி?"

"அது அழுக்குத்தண்ணில்லா. அதைப் பத்தி அந்தம்மா ஒரு வார்த்தை பேசல."

அழுக்குத்தண்ணீர் வழக்கம்போல வாசலைத் தாண்டி ஓடியது. கழிவு கிடைக்காத கடைக்காரர்கள் சோப்பை எல்லாம் திருப்பிக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டிவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை மழை பெய்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது தெருவில் முழங்கால் அளவு நுரை நின்றது.

"வெள்ளையா எவ்வளவு சுத்தமா இருக்கு," என்று பூரித்துப் போனார் எசக்கியப்பன்.

மிச்சமிருந்தது போட்டி. தங்கப்பழம் போய்க் கேட்டதும் மரியசூசை சம்மதித்தார். "என் வாசல்ல இருந்து உம்ம வாசல் வரைக்கும் ஓட்டம். அங்கே கட்டுற கயித்தை எவன் முதல்ல தொடுதானோ, ரெண்டு கம்பெனியும் அவனுக்கு."

"எனக்கு முட்டுவலி, வே."

"நியாயமான போட்டின்னுல்லா சொல்லியிருக்காக. நான் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிட்டு ஓடுதேன்."

"அரிசி நனையுமே."

"அப்ப உப்பைத் தூக்குதேன்."

ஊர் கூடியது. பேச்சித்தாய் கரண்டியால் கொப்பரையில் ஒரு தட்டு தட்டினாள். இருவரும் ஓடினார்கள். கயிற்றுக்குப் பத்தடி முன்னால் தங்கப்பழம் வழுக்கி உட்கார்ந்தார். அவர் மேல் மரியசூசை உட்கார்ந்தார். அவர் மேல் உப்பு மூட்டை உட்கார்ந்தது.

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்தது. "என்னய்யா இது?" என்று கீழே கால் வைத்த செண்பகவடிவு அதற்குமேல் நடக்கவில்லை. நுரையில் அமர்ந்தபடி வழுக்கிக்கொண்டே, கையில் உத்தரவோடு, கூட்டத்தைப் பிளந்து, உப்பு மூட்டையைத் தாண்டி, கயிற்றை அறுத்துக்கொண்டு கம்பெனிக்குள் போய்ச் சேர்ந்தார்.

ஊர் கைதட்டியது. மரியசூசை எழுந்து, பந்தயப்படி இரண்டு கம்பெனிச் சாவிகளையும் அவர் மடியில் வைத்துக் கும்பிட்டார்.

செண்பகவடிவுக்குக் கண்ணெல்லாம் நுரை. மடியில் என்ன விழுந்தது என்றுகூடத் தெரியவில்லை. உத்தரவைச் சாட்சிகள் முன்னால் வாசித்துவிட்டுத்தான் சீல் வைக்க வேண்டும். டீக்கடைக்காரரையும் இஸ்திரிக்காரரையும் சாட்சிகளாகக் கூப்பிட்டு, தாளை நீட்டினார். "கண்ணு எரியுது. யாராவது சத்தமா வாசிங்க. உரிமையாளர் பேருக்கு இடம் விட்டிருக்கேன், அதையும் சேர்த்து வாசிக்கணும்."

தங்கப்பழத்துக்கு மனசு கேட்கவில்லை. முதலாளியாக வந்த முதல் நாளே இந்த அம்மாவுக்குப் பூட்டா? "கலங்காதீங்க, தாயி. நாளைக்கே உங்களுக்காக மறியல் செய்வோம்."

பிறகு தாளை வாங்கி, மேடைக் குரலை வரவழைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "நுகர்வோரை ஏமாற்றி, கழிவைத் தடுக்கத் தவறி, இக்கம்பெனியை நடத்திவரும் குற்றத்துக்காக உடனே வெளியேற்றப்படும் உரிமையாளரின் பெயர்..."

சாட்சிகள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"செல்வி செண்பகவடிவு."