கரடி நக்கிய வெள்ளை மண்

மூங்கில் காட்டில் மொங்கான் என்றொரு கரடி இருந்தது. கரையானோ, புளியம்பழமோ, எது கிடைத்தாலும் வயிறு முட்டத் தின்னும். தின்ற இடத்திலேயே மல்லாந்து படுத்துவிடும்.

ஒருநாள் அதன் நெஞ்சு எரிந்தது. புளித்த நீர் தொண்டைவரை ஏறியது.

"ஐயோ, என் இதயம் வேகிறதே! நான் பிழைக்கமாட்டேன்!" என்று அலறியது.

மனைவி வேங்கி பதறிப்போய், வைத்தியம் பார்க்கும் கருங்குரங்கு நாகியிடம் அதை அழைத்துப் போனது.

நாகி வயிற்றை அமுக்கிப் பார்த்தது. "எப்போது எரிகிறது அண்ணே?"

"தின்றுவிட்டுப் படுத்தால் எரிகிறது. குனிந்தாலும் எரிகிறது."

"மலை ஏறினால்?"

"ஒன்றும் செய்யாது."

"அப்படியானால் இதயத்தில் கோளாறில்லை. வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி உணவுக்குழாயைச் சுடுகிறது. அரை வயிறு தின்னுங்கள். தின்றதும் படுக்காதீர்கள். இந்தப் பட்டையை இரண்டு மாதம் விடாமல் மெல்லுங்கள். இரை நெஞ்சில் சிக்கினால் உடனே வாருங்கள்!"

மூன்று நாள்தான் மொங்கான் சொன்னபடி கேட்டது. நான்காம் நாள் மறுபடி எரிந்ததும் ஆற்றோரத்து வெள்ளை மண்ணை நக்கிப் பார்த்தது. எரிச்சல் சட்டென்று அடங்கியது!

"இது போதுமே! அந்தக் கசப்புப் பட்டை யாருக்கு வேண்டும்?"

"புளிப்பு ஏறுவது நிற்கவில்லையே, வைத்தியச்சி சொன்னதைக் கேளுங்கள்!" என்று வேங்கி கெஞ்சியது.

"வலியே இல்லை. பிறகென்ன நோய்?" என்று மொங்கான் சிரித்தது.

இப்படியே நான்கு மழைக்காலம் போயிற்று. வயிறு முட்டத் தின்னும், எரியும், மண்ணை நக்கும்.

பிறகு ஒருநாள் கிழங்குத் துண்டு ஒன்று நெஞ்சுக்குள் நின்றுகொண்டது. மொங்கானுக்குக் கண் பிதுங்கியது. தண்ணீர் குடித்து எப்படியோ இறக்கியது. பயமாக இருந்தது. ஆனாலும் வேங்கியிடம் சொல்ல வெட்கம். கிழங்கை விட்டது. பழத்தை விட்டது. விலா எலும்பு தெரியத் தொடங்கிய பின்புதான் வாயைத் திறந்தது.

வேங்கி அதை உடனே நாகியிடம் அழைத்துப் போனது. நாகி கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சுட்ட புண் ஆறி ஆறித் தழும்பேறிக் குழாய் சுருங்கிவிட்டது அண்ணே. இதை விரிக்க என் கையில் மருந்தில்லை" என்றது.

"அன்றே பட்டையை மென்றிருந்தால்?" என்று மொங்கான் கேட்டது.

"குழாய் சுருங்கியிருக்காது" என்றது நாகி.

அன்றுமுதல் வேங்கி மென்று கூழாக்கிக் கொடுப்பதை மட்டும் மொங்கான் விழுங்கியது. அதுவும் பாதி திரும்பி வந்தது. கோடை முடியும் முன்பே மொங்கான் கண்ணை மூடியது; வேங்கி தனியாக இரை தேடப் போகத் தொடங்கியது.

வலி அடங்கியதும் நோய் தீர்ந்தது என்று நம்புகிறவன், நோய் வளரத் தானே இடம் கொடுக்கிறான்.