சுழியனின் வெள்ளைப் பற்கள்

காட்டாற்று மடு ஒன்றில் சுழியன் என்ற நீர்நாயும் அதன் மனைவி நீலியும் ஒரே ஒரு குட்டியோடு வாழ்ந்து வந்தன. எவ்வளவு பெரிய வாளை மீனாக இருந்தாலும் சுழியனின் கடியிலிருந்து தப்பாது.

ஒருநாள் கரையோரக் கிளையிலிருந்த மீன்கொத்தி, "சுழியா, நீ சிரிச்சா பாசி படிஞ்ச கல்லைப் பார்க்கிற மாதிரி இருக்கு" என்றது.

சுழியனின் முகம் வாடிவிட்டது. அன்றே ஆற்று மணலை அள்ளி, முன்பற்களைப் பரபரவென்று தேய்த்தது. பற்கள் பளிச்சென்று ஆயின. மீன்கொத்தி பார்த்து வியந்தது. அதன்பின் எந்நேரமும் அதே வேலைதான். வெளியே தெரியாத கடைவாய்ப் பற்களை மட்டும் சுழியன் தொடவே இல்லை.

நீலி ஒரு வேப்பங்குச்சியின் நுனியைப் பஞ்சுபோல மென்று நீட்டியது.

"இதால மெதுவாத் துலக்குங்க. ஈறிலிருந்து நுனி வரைக்கும், ஒவ்வொரு பல்லா. உள்பக்கத்தையும் விட்டுடாதீங்க."

"தடவிக் கொடுத்தா அழுக்குப் போகுமா? பலம் இருக்கிறவன் அழுத்தித்தான் தேய்ப்பான்."

"துப்புற தண்ணி சிவப்பா இருக்கே."

"கெட்ட ரத்தம். போகட்டும்."

மழைக்காலம் வந்து போனது. சுழியனின் ஈறுகள் இறங்கின. குளிர்ந்த நீர் பட்டாலே பல் கூசியது. கடைவாய்ப் பற்கள் சொத்தையாயின. வலியை மறைக்க, பெரிய மீன்களை எல்லாம் நீலியிடம் தள்ளிவிட்டு, "எனக்குப் பசியில்லை" என்று சொல்லப் பழகியது.

ஒரு காலையில் நீலி ஆழத்தில் மீன் தேடிக்கொண்டிருந்தது. குட்டி பாறையில் வெயில் காய்ந்தது. புதரிலிருந்து பாய்ந்த நரி அதைக் கவ்விக்கொண்டது.

"அப்பா!"

சுழியன் தாவி நரியின் பின்னங்காலைக் கடித்தது. முன்பெல்லாம் அந்தக் கடியில் எலும்பே நொறுங்கியிருக்கும். இப்போதோ வலி மண்டைக்கு ஏறி, வாய் தானாகத் திறந்துகொண்டது. மறுபடி கடித்தது. ஒரு பல் பிடுங்கிக்கொண்டு நரியின் ரோமத்தோடு போயிற்று. குட்டியும் போயிற்று. குட்டைக் கால்களோடு சுழியனால் காட்டுக்குள் துரத்த முடியவில்லை.

நீலி கரையேறி வந்தது.

"பிள்ளை எங்கே?"

"நரி தூக்கிட்டுப் போயிடுச்சு."

"நீங்க கடிக்கலையா?"

"கடிச்சேன் நீலி. பிடி நிக்கலை."

நீலி அந்தி சாயும்வரை புதர் புதராகக் குட்டியைக் கூப்பிட்டுப் பார்த்தது. பதில் இல்லை. திரும்பி வந்து சுழியனின் பக்கத்தில் உட்கார்ந்தது. அது திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சுழியனுக்கு.

அன்று முதல் நீலி மீனை மென்று கொடுக்கும். நீலியின் முகத்தைப் பார்க்காமலே சுழியன் விழுங்கும்.

பளபளப்புக்காக முரட்டுத்தனமாகத் தேய்ப்பவர் பல்லை இழப்பார். எல்லாப் பற்களையும் மென்மையாகத் துலக்குபவருக்கே ஆபத்து நேரத்தில் அவை துணை நிற்கும்.